கணுக்கால் மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் தேய்மானத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு உண்டு; அறுவை செய்துகொண்டவர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். கணுக்காலில் அதே நோய் வந்தவருக்கு அப்படிக் கேட்டறிய ஆள் கிடைப்பதில்லை. ஆகவே, முழங்காலுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளையே அவரும் எடுத்துக்கொள்கிறார். கணுக்காலின் நோய்க்காரணமும் சிகிச்சை வரிசையும் பல இடங்களில் முழங்காலிலிருந்து வேறுபடுவதால், அந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கணுக்காலில் வலி இருந்தாலே அது மூட்டுத் தேய்மானம்தானா?

இல்லை. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கீழ்முனையில் சேர்ந்து ஒரு பள்ளத்தை உருவாக்குகின்றன. தச்சர் செதுக்கிய காடிக்குள் மரத்துண்டு இறங்கிப் பொருந்துவதுபோல், அந்தப் பள்ளத்துக்குள் டேலஸ் என்னும் எலும்பு பொருந்தி நிற்கிறது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது முக்கியமாக இந்த மூட்டில்தான் நடக்கிறது. இதற்கு நேர் கீழே, டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் சப்டேலார் என்ற இன்னொரு மூட்டு இருக்கிறது. பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது அதன் வேலை.

கணுக்கால் மூட்டே தேய்ந்திருந்தால் வலி பெரும்பாலும் முன்பக்க மடிப்பில் இருக்கும். மேட்டில் ஏறும்போதும், உட்கார்ந்து எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போதும் கூடும். வெளிக்கணுவுக்குச் சற்றுக் கீழே வலித்து, மேடுபள்ளமான தரையில் நடக்கையில் அது அதிகமானால், சப்டேலார் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னாலும் உட்கணுவுக்குப் பின்னாலும் வலிப்பது பெரும்பாலும் தசைநாண்களின் கோளாறாக இருக்கும். எந்த மூட்டு வலிக்கிறது என்பதில் தவறினால், சரியான மூட்டை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அறுவை செய்ய நேரும். ஐயம் தீராதபோது, மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒரு மூட்டுக்குள் மட்டும் செலுத்தி, வலி அடங்குகிறதா என்று பார்ப்பது நல்ல வழி.

வயதானால் முழங்கால் தேய்வதுபோல் கணுக்காலும் தானாகவே தேயுமா?

பெரும்பாலும் அப்படித் தேய்வதில்லை. முழங்காலிலும் இடுப்பிலும் குறிப்பிட்ட காரணமின்றி வயதோடு வரும் தேய்மானமே அதிகம். கணுக்காலில் அது சிறுபான்மை. கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 70 முதல் 80 பேருக்கு முன்பு எப்போதோ பட்ட காயமே காரணம் என்று வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகள் ஒத்த முடிவைச் சொல்கின்றன. இருசக்கர வாகன விபத்தில் கணு முறிந்தது, மாடிப்படியில் தவறி விழுந்தது, விளையாட்டில் திரும்பத் திரும்பச் சுளுக்கிய கால், பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படும் தசைநார் கிழிந்து சரியாக ஆறாமல் விட்டது ஆகியவை இதில் அடங்கும். காயத்துக்கும் தேய்மானம் வெளிப்படுவதற்கும் இடையில் பல ஆண்டுகள் செல்வதால், இரண்டையும் தொடர்புபடுத்திப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. சிலரிடம் இந்த இடைவெளி 20 ஆண்டுகளையும் தாண்டுகிறது.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறையே குருத்தெலும்பு; அது தேய்வதுதான் மூட்டுத் தேய்மானம். கணுக்காலில் அது சுமார் 1 முதல் 1.7 மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. முழங்காலில் சில இடங்களில் அது 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு விசை அந்த மெல்லிய பரப்பின்மேல் விழுகிறது. எலும்புகள் இம்மியும் பிசகாமல் பொருந்தியிருப்பதால்தான் அது தாங்குகிறது. டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் விலகினாலே மூட்டின் தொடுபரப்பு ஏறத்தாழ 42 சதவீதம் குறைகிறது என்று 1976-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. கணு முறிவை எக்ஸ்ரே பார்த்து நேராகப் பொருத்தாமல் வெறும் கட்டுப் போட்டு விட்டுவிடுவது ஏன் பிற்காலத்தில் இவ்வளவு பெரிய விலையைக் கேட்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். முறிவு ஏற்பட்ட அன்று எடுக்கும் முடிவே கணுக்காலுக்கான முதல் தேய்மானத் தடுப்பு என்பது என் உறுதியான கருத்து.

காயம் தவிர, முடக்குவாதம், யூரிக் அமிலத்தால் வரும் கௌட், மூட்டுக்குள் புகுந்த கிருமித்தொற்று, காசநோய், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவர்களுக்கு மூட்டுக்குள் மீண்டும் மீண்டும் ஏற்படும் ரத்தக்கசிவு, டேலஸ் எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று அது நலிதல் ஆகியவையும் காரணங்களாகின்றன.

சிக்குன்குனியா வந்தபின் கணுக்கால் வீங்கி வலிக்கிறது. இதுவும் தேய்மானமா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். சிக்குன்குனியா வைரஸ் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டுகளை அதிகம் தாக்கும். காய்ச்சல் தணிந்த பின்னும் சிலருக்கு மாதக்கணக்கில் வீக்கமும் காலை நேர இறுக்கமும் நீடிக்கும். இது மூட்டழற்சி, குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோருக்கு மருந்தாலும் காலப்போக்கிலும் அடங்கிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேலும் வீக்கம் தொடர்ந்தால், முடக்குவாத மருத்துவரிடம் காட்டி, மறைந்திருந்த வேறு வாத நோய் வெளிப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

என்னென்ன பரிசோதனைகள் தேவைப்படும்?

முதலாவதும் முதன்மையானதும் நின்றுகொண்டு எடுக்கும் எக்ஸ்ரே. படுத்த நிலையில் எடுத்த படத்தில் எலும்புகளுக்கு இடையே போதிய இடைவெளி இருப்பதாகத் தோன்றும். அதே கால் உடல் எடையைத் தாங்கும்போது அந்த இடைவெளி காணாமல் போவதுண்டு. படுக்கவைத்துப் படம் எடுக்க முற்பட்டால், நின்று எடுக்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள். குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் படமும் அறுவையைத் திட்டமிடும்போது தேவை. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.-யும் எல்லோருக்கும் வேண்டியவை அல்ல. பல மூட்டுகள் வீங்கியிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒரு கணுக்கால் மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்து, கால் ஊன்றவே முடியாமல் போனால் அது தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவை இல்லாமல் எவ்வளவு தூரம் சமாளிக்கலாம்?

பலர் ஆண்டுக்கணக்கில் சமாளிக்கிறார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு முற்றிலும் தேய்ந்திருந்தும் வலி குறைவாகவே உள்ளவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டியது வலியும் நடக்க இயலாமையும்தான். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

கணுக்காலைப் பொறுத்தவரை, மருந்துக்கு முன்னால் பேச வேண்டியது காலணி. அடிப்பாகம் முன்னும் பின்னும் சற்று மேல்நோக்கி வளைந்து, பாதத்தைத் தானே உருட்டிக் கொடுக்கும் கெட்டியான அடிகொண்ட காலணிகள் உண்டு. மருத்துவமனைகளில் இவற்றை ‘ராக்கர்’ அடி என்பார்கள். கணுக்கால் செய்ய வேண்டிய அசைவில் ஒரு பகுதியைக் காலணியே செய்துவிடுவதால் மூட்டுக்குள் உராய்வு குறைகிறது. குதிகால் சற்றே உயர்ந்திருந்தால், மூட்டின் முன்பக்கத்தில் எலும்பு முளைகள் முட்டுவதும் குறையும். இரண்டு பட்டை மட்டும் உள்ள தட்டையான செருப்பு இந்த நோய்க்கு உதவாது.

நம் வீடுகளுக்கு உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. வெளியே நல்ல காலணி அணிபவரும் வீட்டுக்குள் வெறுங்காலோடு சிமெண்ட் தரையிலும் டைல்ஸ் தரையிலும் நடக்கிறார். சமையலறையில் நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டால், வெளியே நடப்பதைவிட அதுவே அதிகமாக இருக்கும். வீட்டுக்குள் மட்டும் அணிய இன்னொரு சோடி காலணி வைத்துக்கொள்வதில் தவறேதும் இல்லை. கோயிலுக்குள் செல்லும்போது காலணியைக் கழற்றினாலும், கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கும் துணியாலான உறையை அணிந்துகொள்ளலாம்.

அந்த உறை லேசான வகை. தேய்மானம் முற்றியவர்களுக்குக் கீழ்க்காலிலிருந்து பாதம் வரை பிடிக்கும், பிளாஸ்டிக்காலோ தோலாலோ அளவெடுத்துச் செய்யப்படும் பிரேஸ் தேவைப்படும். அதை அணிந்தால் மூட்டின் அசைவு பெரிதும் கட்டுப்படும், வலியும் குறையும். பிற்காலத்தில் மூட்டின் எலும்புகளை ஒன்றாகக் கூடச் செய்யும் மூட்டு இணைப்பு அறுவை செய்தால் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு உணர்ந்து பார்க்கவும் அது உதவும்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலித்தால் இடது கையில் தடி. பலர் இதை மாற்றிப் பிடித்துவிட்டுப் பயனில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எடையைப் பொறுத்தவரை, குறையும் ஒவ்வொரு கிலோவும் கணுக்காலில் பல கிலோ சுமையைக் குறைக்கிறது. மிதிவண்டியும் நீச்சலும் தொடரலாம். குதிப்பதையும் கரடுமுரடான பாதையில் ஓடுவதையும் தவிர்க்க வேண்டும்.

பிசியோதெரபியில் கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சியும், பாதத்தைப் பக்கவாட்டில் நிலைநிறுத்தும் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், ஒற்றைக்காலில் சமநிலை காக்கும் பயிற்சியும் இடம்பெறும். தேய்ந்த மூட்டை வலுக்கட்டாயமாக வளைத்து இயக்கத்தைக் கூட்டும் முயற்சி மட்டும் வேண்டாம். அது வலியைத்தான் கூட்டும்.

வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுக்கலாமா?

கணுக்கால் மூட்டு தோலுக்கு மிக அருகில் இருப்பதால், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துள்ள களிம்பைத் தடவுவது நல்ல தொடக்கம். ரத்தத்தில் கலக்கும் மருந்து இதில் மிகக் குறைவு. மாத்திரையாக எடுக்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் முதலியவை வலி கூடும் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்த உயர்வு, இதய ஆபத்து ஆகியவை நேரக்கூடும். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தாமாக விழுங்குவது மிகவும் அபாயமானது. எந்தப் பெயரும் எழுதாத பொட்டலத்தில் தரப்படும் ‘மூட்டுவலிப் பொடி’களில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

காரணம் முடக்குவாதமாகவோ கௌட்டாகவோ இருந்தால் வலி மாத்திரை மட்டும் போதாது. அந்த நோயையே அடக்கும் மருந்து வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாக நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இங்கே தனியாகக் குறிப்பிடுகிறேன்.

மூட்டுக்குள் போடும் ஊசிகள் பலன் தருமா?

ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தையும் வலியையும் சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்குக் குறைக்கும், தேய்மானத்தை மாற்றாது. அடிக்கடி போட்டால் எஞ்சிய குருத்தெலும்பும் நலியும் என்பதால், ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் போடுவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை அளவு உயரும். அறுவை நெருங்கும் மாதங்களில் இந்த ஊசியைத் தவிர்ப்பது தொற்று அபாயத்தைக் குறைக்கும்.

நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி இன்று பல இடங்களில் பெருந்தொகைக்குப் போடப்படுகிறது. நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி.-யும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் ஆறு வார இடைவெளியில் இருமுறை செலுத்தினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. 26 வாரங்களுக்குப் பின் இரண்டு குழுவினரிடமும் முன்னேற்றம் இருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு மட்டும் இல்லை. கடன் வாங்கி இந்த ஊசி போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு தீர்மானிக்க வேண்டும். மூட்டுக்குள் வழுவழுப்பைக் கூட்டப் போடப்படும் ஹயலுரானிக் அமில ஊசிக்கும் கணுக்காலில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அறுவையை எப்போது நினைக்கலாம்?

காலணி, பிரேஸ், எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றைச் சில மாதங்கள் முறையாகப் பின்பற்றியும் இரவுத் தூக்கம் கெடுகிறது, அன்றாட வேலைக்கு நடக்க முடியவில்லை என்றால் நினைக்கலாம். முற்றிய கணுக்கால் தேய்மானத்தின் துன்பம் முற்றிய இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் துன்பத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல என்று கனடாவில் இரு பிரிவினரையும் ஒப்பிட்ட ஆய்வு காட்டியுள்ளது. ‘கணுக்கால்தானே’ என்று வீட்டார் இலேசாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

மூட்டை அப்படியே காப்பாற்றும் அறுவைகள் உண்டா?

உண்டு; தேர்ந்தெடுத்த சிலருக்கே அவை பொருந்தும். முன்பக்க எலும்பு முளைகள் முட்டுவதால் மட்டும் வலி என்றால், நுண்துளை வழியே கருவியைச் செலுத்தி அவற்றை அகற்றலாம். மூட்டு முழுவதும் தேய்ந்தபின் இதைச் செய்வதால் பயனில்லை.

கால் ஒரு பக்கம் சாய்ந்து, மூட்டின் ஒரு பாதி மட்டும் தேய்ந்து மறுபாதி நன்றாக இருந்தால், கணுவுக்குச் சற்று மேலே எலும்பை வெட்டி நேராக்கி, சுமையை நல்ல பாதிக்கு மாற்றலாம். ஜப்பானின் யோஷினோரி தகாகுரா 1990-களில் வெளியிட்ட முடிவுகள் இந்த முறைக்கு உலகெங்கும் மதிப்பைப் பெற்றுத் தந்தன. இளம் வயதினருக்கு இது பல ஆண்டுகளை ஈட்டிக் கொடுக்கும். காலைச் சுற்றி உலோக வளையச் சட்டம் பூட்டி, மூட்டை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விலக்கி, சுமார் மூன்று மாதம் வைத்திருக்கும் முறையும் இருக்கிறது. அதன் பலன் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால் அதைப் பரவலாகப் பரிந்துரைப்பதில்லை.

மூட்டு இணைப்பு அறுவை என்றால் கால் கட்டையாகிவிடுமா?

இந்த அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் மிகப் பலர். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஃபியூஷன் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த அறுவையில், எஞ்சிய குருத்தெலும்பை நீக்கி, கீழ்க்கால் எலும்பையும் டேலஸையும் நேருக்கு நேர் சேர்த்துத் திருகாணிகளாலோ தகட்டாலோ இறுக்குகிறார்கள். முறிந்த எலும்பு கூடுவதைப் போலவே இவை இரண்டும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. உராய மூட்டே இல்லாததால், அங்கிருந்து வந்த வலியும் இல்லாமல் போகிறது. பாதம் கீழ்க்காலுக்குச் செங்கோணத்தில், குதிகால் மிகச் சிறிதளவு வெளிப்புறம் சாய்ந்த நிலையில் கூட வேண்டும். இந்தக் கோணம் தவறினால் பின்னாளில் முழங்காலும் பாதமும் அதன் விளைவைச் சுமக்கும்.

கணுக்கால் இணைந்தாலும் பாதம் முழுவதும் அசைவற்றுப் போவதில்லை. கீழேயுள்ள சப்டேலார் மூட்டும் நடுப்பாத மூட்டுகளும் ஓரளவு மேல்கீழ் அசைவைத் தருகின்றன. நல்ல கோணத்தில் கூடிய காலுடன் தகுந்த காலணி அணிந்து சமதரையில் நடப்பவரைப் பார்த்து, அவருக்கு அறுவை நடந்ததைப் பிறர் கண்டுகொள்வது அரிது. ஓடுவதும், செங்குத்தான ஏற்றமும், வரப்பு போன்ற சமமற்ற பாதையும் கடினமாக இருக்கும்.

நவீன இடுப்பு மாற்று மூட்டை உருவாக்கிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி, அதற்கு முன்பே 1951-ல், எலும்புகளை அழுத்திப் பிடித்துக் கணுக்காலை இணைக்கும் முறையை வெளியிட்டவர். இந்த அறுவைக்கு அவ்வளவு நீண்ட அனுபவப் பின்னணி இருக்கிறது. இன்று தகுந்தவர்களுக்கு நுண்துளை வழியாகவும் செய்கிறார்கள். அதில் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைகின்றன.

குறைகளும் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு எலும்பு கூடாமல் போகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு பல மடங்கு கூடுதல். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே புகையை அறவே நிறுத்தாதவர்களுக்கு அறுவையை ஒத்திவைக்கும் மருத்துவர்கள் சரியானதையே செய்கிறார்கள். கணுக்காலின் வேலையையும் அக்கம்பக்க மூட்டுகளே செய்வதால், பத்து, இருபது ஆண்டுகளில் அவை தேயத் தொடங்குவதும் இதன் அறியப்பட்ட பின்விளைவு.

கணுக்காலுக்கு மாற்று மூட்டு உண்டா?

உண்டு. பிரான்சில் 1970-ல் முதல் முயற்சி நடந்தது. சிமெண்ட் வைத்துப் பொருத்திய அக்கால மூட்டுகள் பல விரைவில் தளர்ந்துபோய், கணுக்கால் மாற்று மூட்டுக்கே கெட்ட பெயரை ஏற்படுத்தின. சிமெண்ட் இல்லாமல், எலும்பை மிகக் குறைவாக வெட்டி, இரு உலோகப் பகுதிகளுக்கு இடையே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கை வைத்துப் பொருத்தும் பிற்கால வடிவங்கள் நன்றாக உழைக்கின்றன. டென்மார்க்கில் உருவான ‘ஸ்டார்’ என்னும் மூட்டுக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2009-ல் அனுமதி அளித்தது.

பல ஆய்வுகளில் 10 ஆண்டுகளுக்குப் பின்னும் 100-ல் ஏறத்தாழ 80 முதல் 90 மாற்று மூட்டுகள் நிலைத்திருக்கின்றன. சில நாடுகளின் தேசியப் பதிவேடுகள் இதைவிடக் குறைவாகக் காட்டுகின்றன. முழங்கால் மாற்று மூட்டு எட்டியுள்ள ஆயுளை இது இன்னும் எட்டவில்லை. இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: மாற்று மூட்டு வலியை நீக்கி, இருக்கும் அசைவைக் காக்கும், பல ஆண்டுகளாக இறுகிப்போன கணுக்காலுக்குப் புதிதாகப் பேரளவு அசைவைத் தராது.

மூட்டில் தொற்று இருப்பவர், பாதத்தில் உணர்ச்சி இழந்தவர், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர், டேலஸ் எலும்பின் பெரும்பகுதி நலிந்தவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. சுமை தூக்குதல், கட்டட வேலை போன்ற கடும் உழைப்பில் இருக்கும் இளவயதினருக்கும் பொதுவாக இணைப்பு அறுவையே தக்கது.

இரண்டில் எது சிறந்தது?

பிரிட்டனில் 17 அரசு மருத்துவமனைகளில், 50 முதல் 85 வயது வரையிலான 303 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய டார்வா ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் நடப்பதிலும் நிற்பதிலும் இரு பிரிவினரும் பெரிதும் முன்னேறியிருந்தார்கள். மாற்று மூட்டுப் பிரிவினருக்குச் சற்றுக் கூடுதல் முன்னேற்றம் இருந்தாலும், புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடாக நிற்கவில்லை. காயம் ஆறுவதில் சிக்கலும் நரம்புக் காயமும் மாற்று மூட்டுப் பிரிவில் அதிகம். ரத்தம் உறைதல் இணைப்புப் பிரிவில் அதிகம். இணைப்புப் பிரிவில் ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு எலும்பு முழுமையாகக் கூடவில்லை. அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கே அதனால் தொல்லை இருந்தது.

எனவே, ஒன்று நவீனம், மற்றொன்று பழையது என்ற கண்ணோடு இவற்றைப் பார்க்கக் கூடாது. சப்டேலார் மூட்டும் ஏற்கெனவே தேய்ந்தவர், இரு கணுக்கால்களும் பாதிக்கப்பட்டவர், முடக்குவாதம் உள்ளவர், அறுபதைக் கடந்து மிதமான நடமாட்டம் உள்ளவர் ஆகியோருக்கு மாற்று மூட்டின் பக்கம் நியாயம் கூடுதல். வயது குறைந்த, உடலுழைப்பாளியான, ஒற்றைக் கணுக்கால் மட்டும் காயத்தால் தேய்ந்தவருக்கு இணைப்பு அறுவையை நான் தயங்காமல் முதலில் வைப்பேன். மாற்று மூட்டைத் தேர்ந்தெடுப்பவர், அந்த அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவரையே நாட வேண்டும். உங்கள் மருத்துவரிடம் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சர்க்கரை நோய் இருந்தால்?

நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் உணர்ச்சி இழந்தவருக்கு, கணுக்கால் வீங்கிச் சூடாகிச் சிவந்தும் வலி மிகக் குறைவாக இருந்தால், ஷார்கோ என்னும் வேறு நோயைச் சந்தேகிக்க வேண்டும். உணர்வற்ற நிலையில் எலும்புகள் நொறுங்கி உருமாறும் நோய் அது. இதைச் சுளுக்கு என்று எண்ணித் தொடர்ந்து நடப்பது பாதத்தையே இழக்கச் செய்யும். உடனடியாகக் கால் ஊன்றுவதை நிறுத்தி, மாவுக்கட்டில் வைத்து, வீக்கமும் சூடும் தணியும்வரை காப்பதே முதல் சிகிச்சை. சாதாரணத் தேய்மானத்துக்கு அறுவை செய்வதானாலும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே செய்ய வேண்டும்.

அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் ஓய்வு வேண்டும்?

இணைப்பு அறுவைக்குப் பின் பொதுவாக ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது; கட்டோ பூட்ஸோ மொத்தம் 10 முதல் 12 வாரம் இருக்கும். மாற்று மூட்டில் சற்று முன்னதாகவே ஊன்ற விடுவார்கள். வீக்கம் முழுவதும் வற்றவும் முழுப் பலன் தெரியவும் இரண்டிலுமே ஓராண்டு வரை ஆகலாம். அந்த ஆறு வாரமும் வாக்கரோடு ஒற்றைக்காலில் குளியலறைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், மாடி வீட்டில் இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே கீழ்த்தளத்தில் ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

பிறகு தரையில் உட்காரலாமா, வண்டி ஓட்டலாமா?

சம்மணமிட்டு அமர்வது பலருக்கு இயலும். அதில் இடுப்புக்கும் முழங்காலுக்குமே வேலை அதிகம். குதிகாலைத் தரையில் ஊன்றிக் குந்தி உட்காருவது இணைப்பு அறுவைக்குப் பின் இயலாது, மாற்று மூட்டிலும் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே வீட்டில் நாற்காலியில்போல் உட்காரும் மேற்கத்திய வகைக் கழிப்பறை தேவை. தொழுகையில் பாதத்தை மடக்கி அமர்வதும் முழந்தாளிடுவதும் கடினம் என்பதால், அவ்வழக்கம் உள்ளவர்கள் நாற்காலியில் அமரப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கார் ஓட்ட, வலது கால் என்றால் பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிரேக்கைத் திடீரென்று முழு விசையோடு அழுத்த முடிகிறதா என்று வண்டி நின்ற நிலையில் சோதித்த பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் கியரை மாற்றுவது இடது பாதம், பின்சக்கர பிரேக்கை மிதிப்பது வலது பாதம். இணைந்த கணுக்கால் எந்தப் பக்கமாக இருந்தாலும் சிரமம் உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரு பிரேக்குகளும் கையிலேயே இருப்பதால் பலர் அதற்கு மாறிக்கொள்கிறார்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது எந்தக் காலைத் தரையில் ஊன்றுகிறீர்கள் என்பதையும் கவனித்து, நலமான காலை ஊன்றப் பழகுங்கள்.

செய்த அறுவை தோல்வியுற்றால் வழி உண்டா?

உண்டு. எலும்பு கூடாமல் போன இணைப்பைத் திறந்து, இடுப்பிலிருந்து எடுத்த எலும்பு வைத்து மீண்டும் இணைக்கலாம். மாற்று மூட்டு தளர்ந்தால் புதியதைப் பொருத்தலாம், அல்லது அதை அகற்றிவிட்டு இணைப்பு அறுவை செய்யலாம். எலும்பு அதிகம் இழந்திருந்தால் குதிகால் வழியாக நீண்ட ஆணி செலுத்திக் கணுக்காலையும் சப்டேலாரையும் சேர்த்து இணைக்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறை செய்வது எப்போதும் முதல் முறையைவிடக் கடினமானது, பலனும் சற்றுக் குறைவு. முதல் அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே, அது தவறினால் அடுத்த வழி என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டு, நின்று எடுத்த எக்ஸ்ரேயையும் அறுவைக் குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவது மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.